ராடு கிடந்த இடம்

சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது இன்னாசிக்குப் பேனா இரண்டு தடவை நழுவியது. கொண்டுவந்த கோர்ட் கான்ஸ்டபிள் சிரித்தார். "இன்னாண்ணே, புதுசா வாங்கற மாதிரி நடுங்குற?"

புதுசு இல்லைதான். திருவொற்றியூர் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறவர் இன்னாசி. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சர்ச்சில் புதுநன்மை, பாஸ்போர்ட் சைஸ் என்று எல்லாம் எடுப்பார். அதோடு போலீசுக்கும் எடுப்பார். ரயிலில் அடிபட்டது, தூக்கு மாட்டிக்கொண்டது, கடல் கொண்டுவந்து கல்லில் போட்டது என எதுவானாலும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி, "ஆமாங்கய்யா, இந்தப் படங்கள நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவார். ஐந்து நிமிட வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இந்த வழக்கில் அப்படி முடியாது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பர் மாதம், மதியம் மூன்று மணி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டிலிருந்து ஏட்டு கூப்பிட்டார். "கேட்டாண்ட ஒரு டிரைவர செக்யூரிட்டி சுட்டுட்டான். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள வந்து நில்லு." இன்னாசி ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே நூறு டிரைவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் கேட்டை உள்ளிருந்து தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுட்ட காவலாளியை ஆபீசுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. இன்னாசியை இடுக்கு வழியாக உள்ளே விட்டார்கள்.

நின்றிருந்த டிரெய்லர் ஒன்றின் மறுபக்கம் உடல் கிடந்தது. கேட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்னாசி வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தார். கேமராவின் திரையில்தான் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

டில்லிபாபு. அடுத்த தெரு. முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடத்துக்கு முன் அவன் கல்யாணத்தை எடுத்ததே இன்னாசிதான். மாலையோடு விறைத்து நின்றவனைப் பார்த்து, "டேய், லாரி ஓட்டற மாதிரி நிக்காதடா, பொண்ணு பயப்படுது" என்று சொல்ல, மணப்பெண் மங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அவன் மல்லாந்து கிடந்தான். சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்து, ரத்தம் வலது கைப்பக்கம் தரையிலும் பரவியிருந்தது. வலது கைக்கு அடியில் மூன்றடி நீள இரும்பு ராடு.

அந்த ராடைத்தான் இன்னாசி பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எடுக்கும் படங்கள் ஸ்டேஷனோடு நிற்பதில்லை. சாயங்காலமே ஏதாவது ஒரு பத்திரிகைக்குப் போய்விடும். போனால் கீழே என்ன எழுதுவார்கள் என்று அவருக்கு மனப்பாடம். திருவொற்றியூரான் கையில் இரும்பு இருந்தால் அதற்குப் பெயர் ஆயுதம். அவனுக்குப் பெயர் ரவுடி. அதற்கும் மூன்று வருடம் முன்னால் தொழிற்சாலை வாசலில் செத்துப்போன ஒரு வெல்டருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவன் பெண்டாட்டி அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்து, "நீ எடுத்த படமாமே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மங்கையும் அப்படி வந்து நிற்பாள் என்று தோன்றியது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். குத்த வைத்து உட்கார்ந்து, கைக்குட்டையால் ராடைப் பிடித்து மெல்ல உருவினார். சிமென்ட் தரையில் தள்ளிவிட்டார். அது கிணுகிணுவென்று உருண்டுபோய் டிரெய்லரின் பின் சக்கரத்தில் முட்டி நின்றது. கேட்டில் இருந்த கூச்சலில் யாருக்கும் அது கேட்கவில்லை. முதலில் எடுத்த படத்தை அழித்தார். பிறகு வரிசையாக முப்பத்திரண்டு படம் எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து, டேப் பிடித்து அளந்து, சம்பவ இடத்து மகஜரில் எழுதச் சொன்னார்: உடலுக்கும் ராடுக்கும் இடையே பன்னிரண்டு அடி.

மறுநாள் பத்திரிகையில் "லாரி டிரைவர் சுட்டுக்கொலை" என்றுதான் வந்தது. இன்னாசி அதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

சுட்டவர் பெயர் வேலப்பன். நாகர்கோவில் பக்கத்து ஆள், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தொன்பது. இரண்டு மாதம் முன்பு டீசல் திருட வந்தவர்கள் அதே யார்டில் ஒரு காவலாளியைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். அதனால்தான் துப்பாக்கி லைசென்ஸ் உள்ள இவரை வைத்தார்கள். இரண்டு நாளாக வண்டியோடு வரிசையில் காத்துக் கிடந்த டில்லிபாபு, கேட் பாஸ் கேட்டு அவரிடம் சத்தம் போட்டிருக்கிறான். வார்த்தை தடித்திருக்கிறது. "ராடை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். மூன்று தடவை நில் என்றேன். பின்னால் கேபின் சுவர், ஒதுங்க இடமில்லை. உயிருக்குப் பயந்து சுட்டேன்" என்று வேலப்பன் வாக்குமூலம் கொடுத்தார். நேரில் பார்த்தவர் யாருமில்லை. கேட்டில் இருந்த கேமரா ஒரு வாரமாகப் பழுது.

அதனால் எல்லாம் இன்னாசியின் படத்தில் வந்து நின்றது. ஓங்கிய ராடு பன்னிரண்டு அடி தள்ளி எப்படிக் கிடக்கும்? போலீஸ் கொலை வழக்குப் பதிந்தது. டிரைவர் சங்கத்துக்காரர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ராடைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "வெறுங்கையனைச் சுட்டது தற்காப்பா?" என்று தேரடி வரைக்கும் பேனர் கட்டினார்கள். தினமும் ஸ்டுடியோ திறக்கப் போகும்போது இன்னாசி தன் படத்துக்குக் கீழேயே நடந்து போக வேண்டியிருந்தது.

டீக்கடையில் இதே பேச்சு.

"ரவை குண்டு சிதறிப் பட்டிருக்கற அளவ வெச்சி பதினஞ்சி அடி தூரத்துலேர்ந்து சுட்டான்னு டாக்டர் எழுதிக்கீறாரு. பதினஞ்சி அடில நிக்கறவன் உன்ன இன்னா பண்ணிடுவான்?"

"நிக்கறவன்னா சரி மாமு. ஓடி வர்றவன்னா? பதினஞ்சி அடி இன்னா, ஒரு மூச்சு."

"ராடுதான் கைலயே இல்லியே!"

"அப்ப ராடுல ரத்தம் எப்டி வந்துச்சு?"

ராடின் ஒரு பக்கத்தில் டில்லிபாபுவின் ரத்தம் இருப்பதாக ஆய்வக அறிக்கை சொன்னது. பழியை அவன்மேல் போடுவதற்காக யார்டு ஆள் எவனோ தடவியிருப்பான் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். இன்னாசி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார்.

விசாரணை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வெயில் மதியத்தில் ஸ்டுடியோ கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மெலிந்த ஆள் வந்தார். மழிக்காத வெள்ளைத் தாடி. இன்னாசி பாஸ்போர்ட் சைஸ் என்று நினைத்து ஸ்டூலைக் காட்டினார்.

"படம் எடுக்க வரல்ல சார். நான் வேலப்பன்."

இன்னாசி எட்டி வாசலைப் பார்த்தார். ஜாமீனில் இருக்கிறவர் சாட்சியைப் பார்க்கக் கூடாது. யாராவது பார்த்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. "சார், நீங்க இங்க வரக் கூடாது. மொதல்ல கெளம்புங்க."

"போயிருவேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நிங்க எடுத்த படத்த வக்கீலம்மா காட்டினாங்க. எத்தனையோ தடவ பாத்துட்டேன். ராடு சக்கரத்துப் பக்கம் கெடக்கு." அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "அவன் கையில ராடு இருந்தத நான் கண்ணால பாத்தேன் சார். ஆனா படம் பொய் சொல்லாதுல்லா? இப்ப எனக்கே சந்தேகம். இல்லாதத இருந்ததா நெனச்சு ஒருத்தனக் கொன்னுட்டேனோ? படுத்தா அதுதான் ஓடுது. நிங்க அங்க போனப்ப எங்கதான் கெடந்துது?"

வெளியே மீன்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். இன்னாசி கேமராவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"படத்துல இன்னா கீதோ அதான் சார்" என்றார்.

வேலப்பன் தலையாட்டினார். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். எதிரே டீக்கடையில் நின்ற சங்கத்து ஆள் ஒருவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். இன்னாசி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். தன்னால் ஒரு மனிதர் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டார் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய அன்று காலை மனைவி பிலோமினாவிடம் சொன்னார். மூன்று வருடத்தில் முதல் முறையாக. அவள் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"கைக்குட்ட வெச்சி எடுத்தியா?"

"ஆமா."

"அப்ப தப்புன்னு தெரிஞ்சேதான் பண்ணிக்கீற." அவள் அடுப்பை அணைத்தாள். "வாய மூடிக்கினு வந்துரு. அந்தப் படத்த அழிச்சாச்சி. உன்ன வுட்டா யாருக்கும் தெரியாது. பேசினா உள்ள தூக்கி வெப்பான். அதவுடு, மங்கைக்கு இன்னா பதில் சொல்லுவ? டெய்லி மூஞ்சில முழிக்கறவ."

"அந்த ஆளு உள்ள போனா ஆயுள்டி."

"சுட்டது அவன்தானே? நீயா சுட்ட?"

அவள் கேட்டதிலும் தப்பில்லை. அதை நினைத்துக்கொண்டே மெட்ரோ ஏறி ஐகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி, அந்த வளாகத்திலேயே இருக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு நடந்தார்.

கோர்ட் ஹாலில் மின்விசிறி கடகடவென்று ஓடியது. முன் பெஞ்சில் மங்கை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் இப்போது துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பட்டன் தைக்கிறாள். அன்று லீவு போட்டிருந்தாள். இன்னாசியைப் பார்த்துத் தலையசைத்தாள். நம்மாள் வந்துவிட்டார் என்கிற மாதிரி.

அரசு வழக்கறிஞர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "நீங்க எடுத்ததா?" "ஆமாங்கய்யா." அது ஐந்து நிமிடம். பிறகு வேலப்பனின் வழக்கறிஞர் அஜீசுன்னிசா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"பதினேழாம் நம்பர் படத்தைப் பாருங்க. ராடு. அதுக்கு அடியில, சுத்தி, தரையில எங்கயாவது ரத்தம் தெரியுதா?"

"இல்ல மேடம்."

"ராடுல இருக்குன்னு அறிக்கை சொல்லுது. தரையில இல்ல. இறந்தவர் கைப்பக்கம் பாருங்க, அஞ்சாம் நம்பர் படம். ரத்தத்துக்கு நடுவுல நீளமா ஒரு கோடு மட்டும் சுத்தமா இருக்கு. ஏதோ ஒண்ணு அங்க கெடந்து, அப்புறம் எடுத்த மாதிரி. தெரியுதா?"

இன்னாசி அந்தக் கோட்டை இத்தனை நாள் பார்த்ததே இல்லை. அவரே எடுத்த படம். "தெரியுது."

"நீங்க போனப்ப ராடு சக்கரத்துகிட்டதான் இருந்ததா?"

அவர் மங்கையைப் பார்த்தார். அவள் பதிலுக்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தாள். குற்றவாளிக் கூண்டில் வேலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாட்சி பதில் சொல்லணும்" என்றார் நீதிபதி.

"இல்ல மேடம். அங்க இல்ல."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எங்க இருந்தது?"

"டில்லிபாபு கைக்கு அடில."

"யாரு நகர்த்தினது?"

"நான்தான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களையே குற்றத்துல மாட்டிவிடற பதிலைச் சொல்றீங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்யா. செத்தது எனக்குத் தெரிஞ்ச பையன். ரவுடின்னு பேப்பர்ல போட்டுருவாங்கன்னு எடுத்துட்டேன்."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. அரசு வழக்கறிஞர் முகம் சிவந்து எழுந்து, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். அனுமதி கிடைத்ததும் கேள்விகள் கல் மாதிரி வந்தன. யார்டுக்காரர்கள் உங்களை எப்போது பார்த்தார்கள்? வேலப்பன் உங்கள் கடைக்கு வந்தது உண்மையா? முதல் படம் எங்கே? அழித்துவிட்டீர்கள் என்றால் நீங்கள் சொல்வதற்கு என்ன ஆதாரம்?

"ஆதாரம் இல்லீங்கய்யா. நான் சொல்றதுதான்."

அதோடு இறக்கிவிட்டார்கள். இறங்கும்போது வேலப்பன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். நன்றியா கோபமா என்று சொல்ல முடியாத பார்வை.

வராந்தாவில் சங்கத்துக்காரர் ஒருவர் இன்னாசியின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். "எவ்ளோக்குடா வெலபோன?" மங்கை பக்கத்தில் நின்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அந்த வாரத்திலேயே ஸ்டுடியோவின் முன் கண்ணாடி உடைந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வருவது நின்றது. சாட்சியத்தைக் கலைத்ததற்காக இன்னாசிமேல் தனி வழக்கு போடப்பட்டது. அது இன்னும் நடக்கிறது. புதுநன்மைக்குப் பேசிவைத்திருந்த இரண்டு குடும்பம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ரத்தக் கோடும் ராடில் இருந்த ரத்தமும் பொருந்துவதால் இன்னாசி சொன்னதை நம்புவதாக நீதிபதி எழுதியிருந்தார். ராடு கையில் இருந்தது. ஆகவே வேலப்பன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் பதினைந்து அடியில் இருந்தவரின் காலை விட்டு நெஞ்சைக் குறிபார்த்தது தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகம். எனவே கொலைக் குற்றம் நிற்காது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஐந்து ஆண்டு. வேலப்பன் அங்கிருந்தே சிறைக்குப் போனார்.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் காலை, இன்னாசி உடைந்த கண்ணாடிக்குப் பதில் வைத்திருந்த அட்டையை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தபோது மங்கை வந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

"ஏண்ணா எடுத்த?"

"அன்னிக்கே கோர்ட்ல சொன்னேனேம்மா. ரவுடின்னு..."

"யாரு நெனப்பா? பேப்பர்காரனா? மொதல்ல நீ நெனச்ச." அவள் குரல் உடைந்து மேலே போயிற்று. "என் வூட்டுக்காரு கைல ராடு இருந்தா உனக்கு இன்னா தோணுச்சு? அது டயரு தட்டிப் பாக்கற ராடுண்ணா! வண்டிய நிறுத்தினா கீழ எறங்கி ஒவ்வொரு டயரா தட்டிக்கினே வருவாரு. காத்து கீதான்னு சத்தத்துலயே சொல்லுவாரு. பாஸ் கேக்கப் போறப்பவும் அது கைலதான் இருந்திருக்கும். நீ அத்த அங்கயே வுட்டிருந்தா மொத நாளே நான் சொல்லியிருப்பேன். கூட ஓட்டற அத்தன பேரும் சாட்சி சொல்லியிருப்பாங்க. நீ வெறுங்கையின்னு காட்டின. மூணு வருசமா எல்லாரும் வெறுங்கை வெறுங்கைன்னே வாதாடினோம். கடேசில ராடு கைலதான் இருந்துச்சின்னு ஆனதும், பொய் சொன்னது நாங்கன்னு ஆயிப்போச்சி."

இன்னாசி அட்டையைக் கீழே வைத்தார். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் குனிந்தார். குனிவதற்கு முன்பே அவனைத் தானும் ரவுடியாகப் பார்த்துவிட்டார் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்பீல் போடலான்னு எங்க வக்கீல் சொல்றாரு. ஒண்ணு கேக்கச் சொன்னாரு. ராடு கைல எப்டி இருந்துச்சு? புடிச்சிக்கினா? சும்மாவா?"

இன்னாசி திகைத்துப்போனார். கோர்ட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ராடு கைக்கு அடியில் இருந்தது என்றதும் அஜீசுன்னிசாவுக்குப் போதுமாகிவிட்டது. அரசு வழக்கறிஞருக்கோ அவரைப் பொய்யனாக்குவதில்தான் குறி.

"புடிக்கலம்மா. கை விரிஞ்சி இருந்துச்சு. மேல சும்மா கெடந்துது."

"காட்டு."

"இன்னாது?"

"எப்டி இருந்துச்சின்னு காட்டுண்ணா. நான் பாக்கணும்."

கதவு திறந்தே இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம். ஐம்பத்தாறு வயது இன்னாசி ஸ்டுடியோ தரையில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, பிறகு மல்லாந்து படுத்தார். லைட் ஸ்டாண்டின் கழி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வலது கையை அதன்மேல் கிடத்தினார். உள்ளங்கை கீழே, ஐந்து விரலும் அகன்று, கட்டைவிரல் கழியைத் தொடாமல். கண்ணை மூடி நினைத்துப் பார்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினார். "இப்டி" என்றார்.

மங்கை தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கையையே பார்த்தாள். செத்துப்போன அன்று அவளை யாரும் பக்கத்தில் விடவில்லை. ஆஸ்பத்திரியில் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். அவள் அழுதபோது சத்தம் வரவில்லை. இன்னாசி கையை அசைக்காமல் படுத்திருந்தார்.

"ஓங்கினவன் கை இப்டியா விழும்?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. சுட்டதும் விரல் தளந்திருக்கலாம். நான் பாத்தத மட்டுந்தான் சொல்ல முடியும்."

வேறு பதிலை அவள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனாலும் தலையாட்டினாள். "அத்தயே சொல்லு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன்."

அன்றே இரண்டு பேரும் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார்கள். காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் மங்கை பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். இன்னாசி அடுத்த பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் ஆபீசில் பிரமாணப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். "கை விரிந்த நிலையில்" என்ற இடத்தில் இன்னாசி நிறுத்தச் சொல்லி, "கட்டைவிரல் ராடைத் தொடவில்லை" என்பதையும் சேர்க்கச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அப்பீலை ஐகோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. வேலப்பன் தரப்பும் ஒரு அப்பீல் போட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வரும் என்கிறார்கள். தேதி இன்னும் போடவில்லை. மங்கை தெருவில் எதிர்ப்பட்டால் இன்னாசியோடு பேசுவதில்லை. கேஸ் விஷயமாக ஏதாவது இருந்தால் மட்டும் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று, சொல்லிவிட்டுப் போகிறாள்.